"நான் ஏழை இல்லீங்க"

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் ஷாலினியைப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீதிமன்ற வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"எல்லாம் ஆன்லைன்தான் அக்கா. ஃபீஸ் தள்ளுபடி மனுவக்கூட ஸ்கேன் பண்ணி ஏத்திடறாங்க. பாதி கேஸ்ல ஆளையே நாங்க பாக்கறதில்ல. நீங்க இருந்தப்போ ஆளக் கூப்பிட்டு வச்சு விசாரிப்பாங்களாமே?"

விசாரிப்பார்கள் என்றேன். அவருக்கு மதிய இடைவேளை முடியப்போகிறது. இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த நீதிமன்றம் என்பதையும் சொல்லப்போவதில்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை நான்கு இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன், அந்த நான்குக்குள்தான் எல்லாம்.

வழக்குப் போடுவதற்குக் கட்டணம் உண்டு. சம்மனில் முத்திரை குத்த, பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய, தீர்ப்பின் நகல் வாங்க, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. பெரிய தொகை இல்லை என்று வக்கீல்கள் சொல்வார்கள். அவர்களுக்குப் பெரிதில்லைதான். கட்ட வழியில்லாதவர் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி முதலில் ஒரு மனுக் கொடுக்கலாம். தன் வரவு செலவு, சொத்து எல்லாவற்றையும் ஒரு பிரமாணப் பத்திரத்தில் எழுதி உறுதிமொழி எடுக்க வேண்டும். பதிவாளர் ஒப்புக்கொண்டால் வழக்குக்கு எண் விழும். ஒப்புக்கொள்ளாவிட்டால் காகிதக் கட்டு வந்த வழியே திரும்பிப் போகும். இப்படி ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. அதனால் என் முப்பத்தொரு வருட வேலையில் இந்த மனுக்கள் அதிகம் வந்ததில்லை. வந்தவற்றில் இரண்டை என்னால் மறக்க முடியவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்ததில் பெரிய கதை எதுவும் இல்லை. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கும் குழுவில் இருந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி. அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டேன், மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. ஆறு மாதம் ஒரு மூத்தவரின் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். ஏழாவது மாதம் அவருக்குப் பல்வலி. நான் எழுந்து நின்றேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

முதல் மனு நல்லதம்பி என்பவருடையது. லோரியில் கெலிண்டனாக, அதாவது டிரைவருக்குக் கூடமாட ஏற்றி இறக்கும் ஆளாக, முப்பது வருடம் இருந்தவர். முதுகு போய்விட்டது. குடியிருந்த அறையின் சொந்தக்காரர் அவர் இல்லாத நேரத்தில் சாமான்களை எடுத்துத் தெருவில் போட்டுவிட்டார், மழையில் எல்லாம் வீணாயிற்று. அதற்கு நட்டஈடு கேட்டு வந்தார். அப்போதிருந்த பதிவாளர் அவசரக்காரர். ஒரு காலைப் பொழுதில் பதினைந்து மனுக்களை முடிப்பவர்.

வருமானம் உண்டா என்று அவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"சும்மாதாம்மா இருக்கேன். என்னமோ வருது, ஓடுது" என்றார் நல்லதம்பி.

நான் மலாயில், "வருமானம் இல்லை" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவர் சட்டையைப் பார்த்தேன், நிற்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ‘என்னமோ வருது’ என்பதை ஒரு பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். தள்ளுபடி கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு காகிதத்தோடு வந்தார். நல்லதம்பிக்கு முதுகு போனதற்காக மாதாமாதம் சிறு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. தள்ளுபடி ரத்தானது. உறுதிமொழி எடுத்துவிட்டு ஏன் மறைத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். நல்லதம்பி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"என்னமோ வருதுன்னு சொன்னேனேம்மா."

அதை நான் மொழிபெயர்த்தேன். முன்பு பதிவாளரிடம் என்ன மொழிபெயர்த்தேன் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பதிவாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் கோப்பில் ஒரு கண்டிப்புக் கடிதம் சேர்ந்தது, அது நியாயம். நல்லதம்பிக்கும் திரும்ப வரச்சொல்லிக் கடிதம் போயிற்று. ஆனால் அவருக்கு முகவரி என்று இருந்ததே அந்த அறைதான். அவர் வரவில்லை.

அதற்குப் பல வருடங்கள் கழித்து நான் புவான் நோராய்னியிடம் வேலை பார்த்தேன். அவர் எங்கள் பதிவாளர், என்னைவிட எட்டு வயது இளையவர்; ‘புவான்’ என்பது மலாயில் ‘அம்மையார்’ என்பது போல. மேசையில் ஒரு பென்சில், ஒரு மரத்தாலான அடிக்கோல், விதிப்புத்தகம் தவிர வேறெதுவும் இருக்காது. மனுவைப் படிக்கும்போது அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே போவார். மனுதாரரை முதலில் உட்காரச் சொல்வார். மற்ற பதிவாளர்கள் நிற்கவைத்துத்தான் கேட்பார்கள். ஒரு கேள்வியை ஒரு முறைதான் கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார், எவ்வளவு நேரமானாலும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் சில வக்கீல்களே கூடுதலாக உளறியதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு பாட்டாளியின் பதிலைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொன்னேன். ஆள் போனபிறகு புவான் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் பேசியது நீளமாக இருந்தது. நீங்கள் சொன்னது சின்னதாக இருந்தது."

"விஷயம் அவ்வளவுதான், புவான்."

"அவர் சொன்னதைச் சொல்லுங்கள், ராணி. சொல்ல நினைத்தது என்ன என்று நான் கேட்டுக்கொள்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என் பழைய கோப்பை அவர் படித்திருப்பார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

செல்வி வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு. ஐம்பது வயதுக்குள் இருக்கும். தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார், கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு. கவுன்டரில் எண் எடுத்து, முறை வந்ததும் வந்து, தமிழ் பேசுகிறவர் யார் என்று கேட்டார்.

அவர் ஒரு கொண்டோமினியத்தில் ஐந்து வீடுகளைச் சுத்தம் செய்பவர். ஒரே கட்டடத்தில் பதினொரு வருடம். அதில் ஒரு வீட்டில் தங்கக் காப்பு காணாமல் போயிற்று. வீட்டுக்கார அம்மா போலீசில் புகார் கொடுத்தார். போலீஸ் செல்வியைக் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டது. ஆனால் அதற்குள் அந்த அம்மா லிஃப்ட் கேமராவில் பதிவான செல்வியின் படத்தை எடுத்து, குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டுவிட்டார். ‘இவள் திருடி, யாரும் வீட்டுக்குள் விடாதீர்கள்’ என்று கீழே எழுதியிருந்தார். அந்தச் செய்தி எல்லோர் கைப்பேசிக்கும் போயிற்று. ஒரு வாரத்தில் ஐந்து வீடும் போயின. பக்கத்துக் கட்டடங்களிலும் யாரும் வேலை தரவில்லை.

மானநட்ட வழக்குக்கு அரசாங்கச் சட்ட உதவி கிடைக்காது. வார இறுதியில் இலவசமாக ஆலோசனை சொல்லும் இளம் வக்கீல் ஒருவர் வழக்குக் காகிதங்களையும் கட்டணத் தள்ளுபடி மனுவையும் தட்டச்சு செய்து கொடுத்து, நீங்களே போய்த் தாக்கல் செய்யுங்கள் என்று அனுப்பியிருந்தார். காகிதம் எல்லாம் மலாயில்.

"இதுல என்னா எழுதியிருக்கு, படிங்க அக்கா. தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் பிரமாணப் பத்திரத்தின் முதல் பத்தியைத் தமிழில் படித்தேன். ‘நான் ஓர் ஏழை. எனக்கு வழக்குக் கட்டணம் கட்ட வசதி இல்லை.’

"ஏழைன்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா. மலாய்ல மிஸ்கின்னு."

"அத அடிச்சிடுங்க."

"இது நம்ம ஆபீஸ் ஃபாரத்துல உள்ள வாசகம்மா. அத அடிச்சா மனு எடுக்க மாட்டாங்க."

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து நகர்ந்து நின்றார்கள்.

"திருடி இல்லன்னு சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முன்னால ஏழைன்னு சத்தியம் பண்ணணுமா? நல்லா இருக்கு லா உங்க கோர்ட்டு."

குரலை உயர்த்தவில்லை. காகிதங்களைக் கோப்புக்குள் வைத்து, ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். உடம்பு கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது.

"மகன் கட்டறேன்னு சொன்னான். அவனுக்கே வேலை போயி மூனு மாசமாச்சு, ரெண்டு பிள்ளைங்க வேற. வேணாம்னுட்டேன். எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

போட்டார். உறுதிமொழியும் எடுத்தார். விசாரணைக்கு நாள் கொடுத்தோம்.

விசாரணை புவான் நோராய்னியின் அறையில். செல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் பக்கவாட்டில் நின்றேன். புவான் அடிக்கோலை முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

"நீங்கள் ஏழை என்று இதில் சொல்லியிருக்கிறீர்கள். அது உண்மையா?"

நான் தமிழில் கேட்டேன்.

"இல்லீங்க" என்றார் செல்வி. "நான் ஏழை இல்லீங்க."

பன்னிரண்டு நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டவர், அறைக்குள் வந்து முதல் கேள்வியிலேயே அதை மறுக்கிறார். உறுதிமொழி எடுத்துச் சொன்னதை இல்லை என்கிறார். அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ‘வசதி இல்லை என்கிறார், புவான்’ என்று சொன்னால் போதும். அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நிமிடத்தில் மனு முடிந்துவிடும். செல்விக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

"ராணி, அவர் என்ன சொன்னார்?"

சொன்னேன். "இல்லை. நான் ஏழை இல்லை."

புவான் பென்சிலைக் கீழே வைத்தார். மனு அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

"உண்மை இல்லையென்றால் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேளுங்கள்."

கேட்டேன். செல்வி என் பக்கம் கைகாட்டினார். "இந்த அக்காதான் அந்த வார்த்த இல்லன்னா மனு எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

அதையும் மொழிபெயர்த்தேன். கை காட்டியதைப் புவானே பார்த்துவிட்டார். புவான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படிச் சொன்னீர்களா?"

"சொன்னேன், புவான்."

பென்சிலை எடுத்துக் குறிப்பில் எழுதினார். எவ்வளவு எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. பிறகு செல்வியிடம் திரும்பினார்.

"ஏழை என்றால் நீங்கள் என்ன அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறீர்கள்?"

செல்வி யோசிக்கவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்திருப்பார் போல.

"அடுத்தவங்க குடுத்து சாப்பிடறவங்க. நான் பதினாலு வயசுலேருந்து வேல செய்றேன், மேடம். யார்கிட்டயும் ஒன்னும் கேட்டதில்ல. அந்தம்மா என் பேரக் கெடுத்துச்சு, அதனால வேல போச்சு. வேல போனதால இந்த ஃபீஸ் கட்ட முடியல. வேல இருந்திருந்தா உங்ககிட்ட வந்து உக்காந்திருக்க மாட்டேன். காசு இல்லன்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். ஏழைன்னு எழுதினா, திருடியிருப்பான்னுதான் படிக்கிறவங்க நெனப்பாங்க."

ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி மலாயில் சொன்னேன். எதையும் ஒழுங்குபடுத்தவில்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது புவான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் வழக்கமான விசாரணை. வங்கிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும். இந்த மாதம் இந்த நூறு ரிங்கிட் எங்கிருந்து வந்தது. மின்சார பில் யார் பெயரில். வீடு யாருடையது. காதில் இருப்பது தங்கமா.

"கவரிங்குங்க. கழட்டிக் காட்டட்டுமா?"

வேண்டாம் என்றார் புவான். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து, அடிக்கோலை வைத்துப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். எனக்குச் சொல்வது போலவும் தனக்கே சொல்லிக்கொள்வது போலவும் சொன்னார்.

"கட்ட முடியுமா முடியாதா, இதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. ‘மிஸ்கின்’ என்பது நம் படிவத்தில் யாரோ என்றைக்கோ எழுதி வைத்தது."

பிரமாணப் பத்திரத்தைத் திருப்பி, அந்தச் சொல்லின்மேல் அடிக்கோலை வைத்து ஒரே கோடாக அடித்தார். மேலே ‘கட்டணம் செலுத்த இயலாதவர்’ என்று மலாயில் எழுதினார். அதை நான் செல்விக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"இது உண்மையா?" என்று கேட்டார் புவான்.

"இது உண்மைங்க."

செல்வியை மறுபடி உறுதிமொழி எடுக்கச் சொல்லி, அடித்த இடத்தின் ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். தள்ளுபடி ஆணை அன்றே எழுதப்பட்டது. அன்று பிற்பகல் பதிவகத்தின் மாதிரிப் படிவத்திலிருந்தும் அந்தச் சொல் போயிற்று. எனக்கு ஒரு குறிப்பு வந்தது. ‘மனுவை ஏற்பதா மறுப்பதா என்று கவுன்டரில் முடிவு சொல்லக்கூடாது.’ கண்டிப்பு என்று தலைப்பு இல்லை, ஆனால் அதுதான். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

எண் விழுந்ததும் வழக்கு எல்லா வழக்கையும் போல நகர்ந்தது. வீட்டுக்கார அம்மா இரண்டு வக்கீல்களோடு வந்தார். சந்தேகத்தைத்தான் சொன்னேன், அண்டை வீட்டாரை எச்சரிக்கும் கடமை எனக்கு இருந்தது என்று எதிர்வாதம் தாக்கல் செய்தார். செல்விக்கு அந்த இளம் வக்கீலே இலவசமாக ஆஜரானார். முதல் நாளில் தேவையான காகிதத்தைத் தேடி எடுக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. ஆனால் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார். காப்பு தொடர்பாக அந்த அம்மாவிடம் உள்ள எல்லா ஆவணங்களையும் காட்ட வேண்டும் என்று கேட்டு ஆணை வாங்கினார்.

வந்த காகிதங்களில் இரண்டு போலீஸ் புகார்கள் இருந்தன. ஒன்று காப்பு காணோம் என்றது. மற்றொன்று ஏழு வாரம் கழித்துக் கொடுத்தது. காப்பு வீட்டிலேயே, வெளிநாட்டுப் பயணத்துக்கான குளிர்காலத் துணிகள் வைக்கும் பெட்டியில் கிடைத்துவிட்டது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றது. போலீசுக்குச் சொன்ன அம்மா குழுவுக்குச் சொல்லவில்லை. செல்வியின் படம் அதே இடத்தில் அதே வார்த்தைகளோடு இருந்தது.

அந்த இரண்டாவது காகிதத்தை நான்தான் செல்விக்குத் தமிழில் படித்துச் சொன்னேன், நீதிமன்றத்துக்கு வெளியே உள்ள பெஞ்சில். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏழு வாரத்துலயே தெரிஞ்சிருக்கு."

"ஆமாம்மா."

"நான் அப்ப வேல தேடி ஷா ஆலம் வரைக்கும் போயிட்டு இருந்தேன்."

வழக்குக்கு எண் விழாமல் போயிருந்தால் அந்தக் காகிதம் போலீஸ் நிலையத்தில் ஒரு கோப்பிலேயே கிடந்திருக்கும். எண் விழுந்தது அந்த ஒரு சொல்லை அடித்ததால்தான்.

எதிர்த்தரப்பு பேசி முடிக்கலாம் என்று வந்தது. ஒரு தொகை தருகிறோம், வழக்கைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். செல்வி தொகையை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையில்லாமல் போன மாதங்களுக்கு அது சேர வேண்டியது என்றார். ஆனால் கூடவே, அதே குழுவில், தன் படம் வந்த அதே இடத்தில் மன்னிப்பு வர வேண்டும் என்றார். முதல் வரைவை வக்கீல்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். ‘யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால்’ என்று தொடங்கியது. நான் படித்துச் சொன்னதும் செல்வி கேட்டார்.

"நான் எடுக்கலன்னு எங்க இருக்கு?"

இல்லை என்றேன். திருப்பி அனுப்பினார். மூன்றாவது வரைவில்தான் அந்த வரி வந்தது.

இணக்கத் தீர்ப்பு பதிவான நாளில் மன்னிப்பை நீதிமன்றத்திலும் வாசிக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் மலாயில் வாசித்தார். அந்த அம்மா அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செல்வி சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீதிபதி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தமிழில் வாசித்தேன்.

"செல்வி என் வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. காப்பு என் வீட்டிலேயே கிடைத்தது. கிடைத்த பிறகும் நான் அதை உங்களுக்குச் சொல்லவில்லை. அவரைத் திருடி என்று நான் எழுதியது பொய். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

அறையில் மற்ற வழக்குகளுக்காகக் காத்திருந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் தமிழர்கள்.

செல்வி என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். நீதிபதி பேனாவை நிறுத்தினார்.

"அவர் என்ன சொல்கிறார்?"

"இன்னொரு முறை வாசிக்கச் சொல்கிறார், புவான் ஹக்கிம்" என்று நீதிபதியிடம் சொன்னேன்.

நீதிபதி சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். "வாசியுங்கள்" என்றார்.

முதல் முறை காகிதத்தைப் பார்த்தே வாசித்திருந்தேன். இரண்டாவது முறை நிறுத்தி நிறுத்தி, பின் வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தேன். முடித்ததும் செல்வி கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.